கன்னம்

ஹுவாலியனில் விடாத மழை.
மூன்றாம் மாடிக் கூட்ட அறைத் திரையில்
ஒரு வாய், சுவர் அளவுக்கு.
கச்சாவ், ஐம்பத்து மூன்று, லாரி ஓட்டுநர்.
இடது கன்னத்தின் உட்புறம், கடைவாய்க்கு எதிரே,
சோற்றுப் பருக்கை ஒட்டியது போல் வெள்ளை,
நடுவில் சிவந்த குழி.
வாய் திறப்பு: ஒன்றரை விரல்.
முப்பது வருடம் மலைச்சாலையில் தூக்கம் விரட்டிய பச்சைப் பாக்கு
உள்ளிருந்தே தையல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

வாய் வழியாகவே போகலாம், உதட்டைத் தொட வேண்டாம்
என்கிறார் மருத்துவர் சூ.
ஒன்றரை விரல் வழியாகவா?
சாவித் துவாரத்தில் நின்று வீட்டைப் பெருக்குவீர்களா?
என்கிறாள் யீ-சென்.
அவள் கட்சி, கீழுதட்டைப் பிளந்து
மோவாயைச் சுற்றிக் கோடிழுத்துக்
கன்னத்தைப் புத்தக அட்டை போல் திறப்பது.

சூ அறுபதைத் தாண்டியவர்.
பிளந்த உதடுகள் சூப் ஒழுகத் திரும்பி வந்ததைப் பார்த்தவர்.
அவளுக்கு முப்பத்தெட்டு.
விளிம்பில் விட்டுவைத்தது ஏழே மாதத்தில்
கண்ணுக்குக் கீழே எழுந்ததைப் பார்த்தவள்.
தாடையின் மேல்விளிம்பைச் சீவினால் போதும்:
இதில் சண்டையில்லை.
கழுத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை, இருந்தாலும் முடிச்சுகளை எடுத்துவிடலாம்:
இதிலும் இல்லை.
உதட்டில் மட்டும் தேநீர் ஆறிப்போனது.

கச்சாவின் கேள்வி வேறு.
தோல் எந்தத் தொடையிலிருந்து?
வலது கால் பிரேக். இடது கால் கிளட்ச்.
மலையில் இறங்கும்போது...
முடிக்கவில்லை.
இடது, என்றார் ஒட்டுறுப்பு மருத்துவர் வெங்,
தையற்காரர் அளவு குறிப்பது போல.

சுவரில் திருடன் போடும் ஓட்டைக்கும் கன்னம் என்றுதான் பெயர்
நம் மொழியில்.
இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவன்
இந்த அறையைப் பார்த்திருக்க மாட்டான்:
பச்சைத் துணி, முகமூடி, தாழ்ந்த குரல்,
தூங்குகிறவன் வீட்டுக்குள் விளக்கோடு நுழையும் மூவர்.

நெற்றி விளக்கோடு சூ நாற்பது நிமிடம் முயன்றார்.
மயக்கத்திலும் தளராத வாய்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் பேனாவுக்குக் கை நீட்டி
உதட்டின் நடுவில் தொடங்கி
மோவாயின் வளைவோடு ஒளிந்து போகும் ஒரு கோடு போட்டார்.
யீ-சென் மனதில் வைத்திருந்ததைவிட
அது அழகாக இருந்தது.

விளிம்புகள் கீழ்மாடிக்குப் போயின, பனியில் உறைந்து.
தொலைபேசி வர இருபத்தாறு நிமிடம்.
முன், பின், மேல், கீழ் சுத்தம்.
ஆழத்தில் இருக்கிறது.
ஆழத்துக்கு அப்பால் தோல்தான்,
தோலுக்கு அப்பால்
அவன் மனைவி சவ்மா நேற்றுக் கட்டை விரலால் துடைத்த இடம்.
அகலமாய் வெட்டு என்று வாதாடியவள்
கத்தியோடு நின்றாள்.
சூ அவளைப் பார்க்கவில்லை. உறிஞ்சு குழாயை நகர்த்தி
இடம் விட்டார்.

எவ்வளவு பெரிய ஓட்டை? தொடையருகில் காத்திருந்த வெங்.
உள்ளே உள்ளங்கை அளவு. வெளியே ஒரு பிஸ்கட்.
ஒரே துண்டில் இரண்டு தீவு,
ஒரே ரத்தக்குழாய்.
தலைமுடியைவிட மெல்லிய நூலில் நரம்போடு நரம்பை அவர் சேர்க்க,
வெளிறிக் கிடந்த தொடைத்தோல்
முகத்தில் சிவக்கத் தொடங்கியது.

அன்று இரவு மணிக்கொரு தரம்
செவிலி தோங்கி அதன் மேல் கருவியை வைத்துக் கேட்டாள்.
சுக். சுக். சுக்.
நான்கு மணிக்கு ஒரு நிமிடம் கேட்கவில்லை.
கருவியைச் சற்றே சாய்த்தாள்.
சுக்.

ஐந்தாம் வாரம், கதிர் வைத்தியம் தொடங்கும் முன்,
கன்னத்துக்குள் முடி முளைத்திருப்பதைக் காட்டிச் சிரித்தான் கச்சாவ்.
சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது.
பற்களுக்கிடையே மரக்குச்சிகளை அடுக்கி எண்ணினான்: பதினான்கு.
போன வாரம் பதினொன்று.
நிறுத்தியிருந்த லாரியில் சும்மா ஏறி உட்கார்ந்தானாம்.
கிளட்சை மிதித்தால் கன்னம் லேசாக இழுக்கிறதாம்.

அப்படி இழுக்க அங்கே எதுவும் இல்லை, என்றார் வெங்.
என்றாலும் குறித்துக்கொண்டார்.